‘அவன் சித்தப்பா ரத்தம்’: ஏழு வயது மகனைப் பற்றி ஒரு தாயின் கேள்வி

பதிலளிப்பவர்: குழந்தைகள் மனநல மருத்துவர்

கடிதத்தின் சுருக்கம்

வாசகிக்கு இரண்டு பிள்ளைகள். பதினொரு வயது மகள் அமைதியானவள். படிப்பிலும் பழக்கத்திலும் இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. ஏழு வயது மகனோ நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே ஓரிடத்தில் நில்லாதவன். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிவான், உதைப்பான், அரை மணி நேரத்தில் வந்து மடியில் படுத்துக்கொண்டு அழுவான். கடந்த ஆறு மாதமாக நிலைமை முற்றியிருக்கிறது. கணவருக்கு வேலை போய், வீட்டில் வாக்குவாதம் கூடியதும் இதே காலத்தில்தான். எழுதச் சொன்னபோது நோட்டைக் கிழித்தான், பக்கத்திலிருந்த பையனைக் கடித்தான் என்று பள்ளியிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். கணவரின் தம்பி இளம் வயதிலேயே அடிதடியில் இறங்கி, சிறைக்கும் போய் வந்தவர். “இவன் அப்படியே சித்தப்பா ரத்தம்” என்று மாமியார் பையனின் காதுபடவே சொல்கிறார். “நானும் இப்படித்தான் இருந்தேன், அடித்துத்தான் திருத்தினார்கள்” என்கிறார் கணவர். கருவுற்றிருந்தபோது எட்டாம் மாதம் வரை வேலைக்குப் போனதும், அந்த நாட்களில் அடிக்கடி அழுததும்தான் காரணமோ என்பது வாசகியின் உறுத்தல். அவர் கேட்பவை நான்கு: இது பரம்பரையா? மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடுமா? தவறு என்னுடையதா? இப்படிப்பட்ட பையன்களைக் கண்டிப்புடன் திருத்துவதாகச் சொல்லும் ஒரு விடுதியில் சேர்த்துவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி: எறிந்து, உதைத்து முடித்த அரை மணி நேரத்தில் உங்கள் மகன் மடியில் வந்து படுத்து அழுகிறான் என்பது. நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளை நாங்கள் ஒரே கூட்டமாகப் பார்ப்பதில்லை. பிறருக்கு வலிப்பதைக் கண்டும் சலனமே இல்லாத பிள்ளைகள் சிலர் உண்டு. கோபம் தலைக்கேறும்போது தன்னை இழந்து, தணிந்ததும் கலங்கிப்போகும் பிள்ளைகள் பலர். ஏழு வயது பிரிட்டிஷ் இரட்டையர்களை வைத்து எஸ்ஸி வைடிங் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகையினரின் நடத்தைச் சிக்கலில் மரபின் பங்கு ஏறத்தாழ 80 சதவீதமாகவும், இரண்டாம் வகையினரிடம் 30 சதவீதமாகவும் இருந்தது. ஒரு கடிதத்தை வைத்து உங்கள் மகன் இன்ன வகை என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனாலும், மடியில் வந்து அழும் பிள்ளையைப் பற்றி நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு நான் அஞ்சவில்லை.

‘ரத்தம்’ எவ்வளவு பேசும்?

பரம்பரைக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன், அது உண்மையல்ல. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் பொது. இரு கருமுட்டைகளிலிருந்து பிறந்த இரட்டையருக்கு, மற்ற உடன்பிறப்புகளைப் போலவே, சராசரியாகப் பாதிதான் பொது. நடத்தையில் முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு கூடுதலாக ஒத்துப்போகிறார்கள் என்பதை வைத்தே மரபின் பங்கைக் கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால், கவனம் நிற்காமையும் ஓயாத துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. என்ற நிலையில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம். அடிதடி, விதிமீறல் போன்றவற்றில் அது குறைவு. இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் ஆராய்ந்த 51 ஆய்வுகளைத் தொகுத்து ரீ, வால்ட்மன் என்ற இருவர் 2002-இல் வெளியிட்ட கணக்கில், மரபுக்கு 41 சதவீதம்; ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொதுவாக அமையும் சூழலுக்கு 16 சதவீதம்; ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வாய்க்கும் அனுபவங்களுக்கு 43 சதவீதம்.

இந்த எண்களைக் கையில் எடுத்ததும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். 41 சதவீதம் என்பதால் உங்கள் மகனுடைய கோபத்தில் 41 பங்கு ரத்தத்திலிருந்தும் மீதி வளர்ப்பிலிருந்தும் வந்தது என்று ஆகாது. பல்லாயிரம் பிள்ளைகளுக்கு இடையே காணும் வேறுபாட்டில் எவ்வளவை மரபு வேறுபாட்டால் விளக்கலாம் என்பதுதான் அந்த எண். தனி ஒரு பிள்ளையைப் பற்றி அது வாய் திறக்காது. மரபில் வந்தது என்பதாலேயே மாற்ற முடியாதது என்றும் ஆகிவிடாது. ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறைபாடு முழுக்க மரபணுவால் வருவது. கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சியைக் கடுமையாகக் கெடுத்துவிடும். பிறந்த சில நாட்களிலேயே கண்டறிந்து, ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் குறைந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தால் அந்தப் பிள்ளை இயல்பாக வளர்கிறது. மரபணு அப்படியேதான் இருக்கிறது. மாறியது தட்டில் வைத்த உணவு மட்டுமே.

சித்தப்பா கதைக்கு வருவோம். அவருக்கும் உங்கள் மகனுக்கும் மரபில் பொதுவாக இருப்பது சராசரியாக நான்கில் ஒரு பங்கு. உங்கள் மகளுக்கும் அவருக்கும் உள்ள உறவும் அதே கணக்குதான். ஆனால் அவளைப் பார்த்து யாரும் ‘சித்தப்பா ரத்தம்’ என்று சொல்வதில்லை. மரபு வழியாக யாருக்கும் சிறைத் தண்டனை வருவதில்லை. சட்டென்று பொங்குவது, காத்திருக்க மாட்டாமை, ஆபத்தைக் கண்டு தயங்காமை என்று சில சாய்வுகள் வரலாம். அவை எங்கே கொண்டுபோய் விடும் என்பது வழியில் சந்திப்பவற்றைப் பொறுத்தது. வன்முறையில் ஊறிய பெரியவர்களின் சிறுவயதை விசாரித்தால் அநேகமாக அங்கேயும் சிக்கல் தென்படும். சிக்கலான பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தாலோ, பெரும்பாலோர் அப்படிப்பட்ட பெரியவர்களாக ஆவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் லீ ராபின்ஸ் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து காட்டிய முரண் இது. உங்கள் மாமியார் முதல் கதையை மட்டும் பார்த்திருக்கிறார்.

அவர் சொல்வதைப் பையன் கேட்கிறான் என்பதுதான் என் கவலை. ஏழு வயதுப் பிள்ளைக்கு ‘நீ இன்னார் மாதிரி’ என்பது வசவாகத் தெரியாது. தன்னைப் பற்றிய தகவலாகவே தெரியும். இதை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் அது மருமகளின் குறையாகப் போய்விடும்.

ஒரே வீடு, ஆனால் ஒரே சூழல் அல்ல

“ஒரே வீட்டில், ஒரே மாதிரிதான் இருவரையும் வளர்த்தேன், மகள் சரியாக இருக்கிறாள், அப்படியானால் இது பிறவியில் வந்ததுதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். தர்க்கம் சரியாகத் தோன்றினாலும் முதல் படியிலேயே ஓட்டை இருக்கிறது. மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது அவள் அப்பாவுக்கு வேலை இருந்தது, அம்மாவுக்கு இரவில் தூக்கம் இருந்தது, அவளை யாரோடும் ஒப்பிட அக்கா ஒருத்தி இல்லை. மகன் ஏழு வயதில் பார்க்கும் வீடு வேறு. மேலே சொன்ன 43 சதவீதம் இந்த இடத்தைத்தான் குறிக்கிறது. அதில் அளவீட்டுப் பிழையும் கலந்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, பிள்ளையே தன் சூழலை ஓரளவு உண்டாக்கிக்கொள்கிறது. 1990-களில் தத்துக் குடும்பங்களில் நடந்த ஆய்வுகளில், பெற்ற தாய் தந்தையரிடமிருந்து இத்தகைய சாய்வைப் பெற்றிருக்க வாய்ப்புள்ள பிள்ளைகளிடம் வளர்ப்புப் பெற்றோர் அதிகம் கடிந்துகொண்டார்கள், அதிகம் தண்டித்தார்கள் என்று தெரியவந்தது. வளர்ப்பவர்களுக்கும் பிள்ளைக்கும் ரத்த உறவே இல்லை. அப்படியிருந்தும் பிள்ளையின் மரபு வளர்ப்பவரின் குரலை உயர்த்துகிறது. பொறுமையான பிள்ளைக்குப் பொறுமையான தாயும் பொங்கும் பிள்ளைக்குப் பொங்கும் தாயும் வாய்ப்பது பல வீடுகளில் ஒரே பெண்மணிதான்.

நீங்கள் எழுதிய காலைநேரச் சண்டையை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறேன். அவன் கையில் டேப்லெட். நீங்கள் அடுத்த அறையிலிருந்து, “வைத்துவிட்டு வா” என்கிறீர்கள். பதில் இல்லை. மூன்று, நான்கு, ஐந்து முறை அழைக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் குரல் ஒரு படி ஏறுகிறது. ஆறாவது முறை வந்து பிடுங்குகிறீர்கள். அவன் வாட்டர் பாட்டிலை எறிகிறான், அது சுவரில் பட்டு உடைகிறது. பேருந்துக்கு நேரமாகிவிட்டதால், “சரி, ஐந்து நிமிடம்தான்” என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். வீடு அமைதியாகிறது. பாட்டிலை எறிந்தால் டேப்லெட் கிடைக்கும் என்று அவன் அன்று கற்றுக்கொள்கிறான். விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று நீங்கள் கற்றுக்கொள்கிறீர்கள். மறுநாள் கணவர் வீட்டில் இருந்து அடித்து அடக்கினால், ஓங்கியவன் கைதான் எடுபடும் என்பதையும் சேர்த்துக் கற்கிறான். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் குடும்பங்களை அவர்கள் வீட்டுக்கே போய் நாள்கணக்கில் கவனித்து விவரித்தது இந்தச் சுழலைத்தான். இதில் கெட்ட தாயும் இல்லை, கெட்ட பிள்ளையும் இல்லை. மற்ற பிள்ளைகளைவிடச் சற்று வேகமாகப் பற்றிக்கொள்ளும் ஒரு பிள்ளையும், நேரமில்லாத ஒரு காலையும் போதும். உங்கள் மகளிடம் இந்தச் சுழல் தொடங்கவே இல்லை. இரண்டாவது அழைப்பிலேயே அவள் எழுந்து வந்திருப்பாள்.

அடித்துத் திருத்துவதைப் பற்றி உங்கள் கணவருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1,116 இரட்டையர் குடும்பங்களை ஆராய்ந்து 2004-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தட்டுவது, அறைவது போன்ற சாதாரண அடியைப் பிள்ளையின் குணம் ஓரளவு வரவழைக்கிறது என்று கண்டது. காயம் உண்டாகும் அளவுக்கான அடியைப் பொறுத்தவரை பிள்ளையின் மரபுக்கு அநேகமாகப் பங்கே இல்லை. அது அடிப்பவரிடமிருந்தும் அந்த வீட்டின் நிலையிலிருந்தும் வருவது. ‘அவன்தான் அடிக்க வைக்கிறான்’ என்ற பேச்சு ஓர் எல்லைக்கு மேல் செல்லாது. அடி வாங்கியும் தான் நன்றாகத்தான் இருப்பதாக உங்கள் கணவர் சொல்கிறார். அதே வீட்டில் அதே அடி வாங்கிய அவருடைய தம்பியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மரபணுச் சோதனையும் உங்கள் குற்ற உணர்வும்

சோதனை வேண்டாம். ஏ.டி.எச்.டி.யை எடுத்துக்கொண்டால், 2023-இல் வெளியான பெரிய ஆய்வு மரபணுத் தொகுதியில் 27 இடங்களை அடையாளம் காட்டியது. ஒவ்வொன்றின் தாக்கமும் மிகச் சிறியது, எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு பிள்ளையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல உதவாது. ‘வன்முறை மரபணு’ என்று செய்திகளில் அடிபடும் எம்.ஏ.ஓ.ஏ. பற்றிய கதையும் அப்படித்தான். நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972–73-இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அதன் ஒரு வடிவம் உள்ள ஆண்களில் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடமே வன்முறை கூடியிருந்தது. அதே வடிவம் இருந்தும் கொடுமைக்கு ஆளாகாதவர்களிடம் கூடவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளில் சில இதை உறுதிப்படுத்தின, சில உறுதிப்படுத்தவில்லை. அறிவு வளர்ச்சியில் தாமதம், வலிப்பு, முகத்திலோ உடலிலோ வழக்கத்துக்கு மாறான அமைப்பு, ஆட்டிசத்தின் அறிகுறிகள் ஆகியவை இருந்தால் மட்டும் குரோமோசோம் சோதனை பற்றி யோசிப்போம். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

கர்ப்ப காலத்தில் வேலைக்குப் போனது காரணமல்ல. அதை இன்றே மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். தாயின் கடுமையான மன அழுத்தத்துக்கும் பிள்ளையின் பிற்கால நடத்தைக்கும் சிறு தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுவது உண்மைதான். ஆனால் தொடர்பு வேறு, காரணம் வேறு. கர்ப்பிணி புகைபிடித்தால் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் கூடும் என்று நெடுங்காலம் நம்பினோம். செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்த பிள்ளைகளை வைத்து 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் சிலர் தாயின் சொந்தக் கருமுட்டையில் உருவானவர்கள். மற்றவர்கள் தானமாகப் பெற்ற கருமுட்டையில் உருவானவர்கள். புகையால் பிறப்பு எடை இரு பிரிவினரிடமும் குறைந்தது. ஏ.டி.எச்.டி. அறிகுறிகளுடன் இருந்த தொடர்போ, தாயின் மரபணுவைப் பெற்ற பிள்ளைகளிடம்தான் வலுவாக இருந்தது. சூழல் என்று நாங்கள் நினைத்ததன் உள்ளே பாதி மரபு ஒளிந்திருந்தது. (இதனால் புகை பாதகமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், எடை குறைவதே பெரிய பாதகம்.) உறுதியாகத் தீங்கு செய்பவை வேறு: கர்ப்ப காலத்தில் மது, மிகவும் குறைமாதத்தில் பிறப்பது, ஈயம் கலந்த தூசும் பெயின்ட்டும், வீட்டில் தொடர்ந்து அச்சம். கடைசியைத் தவிர மற்றவை உங்கள் கடிதத்தில் இல்லை. கடைசியை இன்றும் மாற்றலாம்.

இனிப்புத் தின்றால் பிள்ளைக்குத் துள்ளல் கூடும் என்பதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். சர்க்கரையையும் இனிப்பு மாற்றையும் பெற்றோருக்குத் தெரியாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நடத்தையில் வேறுபாடு தெரியவில்லை. பல்லுக்காக வேண்டுமானால் குறையுங்கள்.

விடுதி வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்

ஒரே வகைச் சிக்கல் உள்ள பையன்களை ஓரிடத்தில் சேர்த்தால், ஒருவன் செய்யும் குறும்புக்கு மற்றவர்களின் சிரிப்பே பரிசாகி, நடத்தை மேலும் கெடக்கூடும். நல்லெண்ணத்துடன் நடத்தப்பட்ட குழுத் திட்டங்களிலேயே இது நடந்திருக்கிறது. அது வளரிளம் பருவத்தினரிடம் கண்டது. ஏழு வயதில் இன்னொரு இழப்பும் சேரும். கோபம் தணிந்ததும் திரும்பி வர அவனுக்கு ஒரு மடி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு எந்தக் கண்டிப்பைக் கொடுத்தாலும் ஈடாகாது.

முதலில் என்ன செய்வது?

ரத்தத்தைப் பற்றிய பேச்சில் உங்கள் வீட்டில் யாரும் கவனிக்காத இரண்டு தகவல்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. மகன் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அடினாய்டு அல்லது டான்சில் பெருத்து இரவில் மூச்சு அடைபடும் பிள்ளைகள், தூங்கி வழிவதற்குப் பதிலாகப் பகலில் சிடுசிடுப்பும் துறுதுறுப்புமாக இருப்பார்கள். காது மந்தமும் சேர்ந்திருக்கலாம், கூப்பிட்டால் திரும்பாததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ஆகவே முதல் சந்திப்பு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். அடுத்து, பள்ளிப் புகார்கள் இரண்டுமே எழுதும் நேரத்தில் வந்தவை. விளையாட்டு நேரத்தில் ஒரு புகார்கூட இல்லை. எழுத்தும் வாசிப்பும் வராத பிள்ளைக்கு, எல்லோர் முன்பும் தெரியாமல் நிற்பதைவிட நோட்டைக் கிழித்துவிட்டு வெளியே அனுப்பப்படுவது எளிது. கற்றல் குறைபாடு உள்ளதா என்பதை முறையாகச் சோதிக்க வேண்டும்.

இவற்றோடு சேர்த்தே ஏ.டி.எச்.டி. இருக்கிறதா என்றும் பார்ப்போம். அதற்கு ஆறு மாதத்துக்கு மேல், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் அறிகுறிகள் தெரிய வேண்டும். இருப்பது உறுதியானால், நடத்தைப் பயிற்சிக்குப் பிறகும் படிப்பும் நட்பும் தடைபட்டால், இந்த வயதில் மருந்துக்கும் இடமுண்டு. மருந்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், மருந்து மட்டும் போதும் என்று நினைக்கவும் வேண்டாம்.

ஆனால் இந்த வாரமே தொடங்கக் கூடியது பெற்றோர் பயிற்சி. இத்தகைய சிக்கல்களுக்குப் பல நாடுகளில் நன்கு சோதிக்கப்பட்டு, பயனளிப்பதாகத் தெரிந்த சிகிச்சை இதுவே; பிள்ளையை மாற்றுவதற்கு முன் அவனைச் சுற்றி நடப்பதை மாற்றுவது இதன் வழி. அடுத்த அறையிலிருந்து அழைக்காதீர்கள். பக்கத்தில் போய், கண் பார்த்து, ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் பத்து வரை மனத்துக்குள் எண்ணுங்கள். செய்தால் உடனே, “சொன்னதும் வைத்துவிட்டாயே” என்று செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். செய்யாவிட்டால் முன்பே சொல்லி வைத்த சிறிய விளைவு, உதாரணமாக மாலையில் டேப்லெட் கிடையாது என்பது, சத்தமில்லாமல் நடக்க வேண்டும். பாட்டில் பறந்தாலும் முடிவு மாறக் கூடாது. தினமும் பத்து நிமிடம் அவன் தேர்ந்தெடுத்த விளையாட்டை அவன் சொல்கிறபடி விளையாடுங்கள். அந்த நேரத்தில் கற்றுக்கொடுக்கவோ திருத்தவோ வேண்டாம். முதல் ஒன்றிரண்டு வாரங்களில் அவன் முன்பைவிட மோசமாவான். பழைய வழி எடுபடவில்லை என்பதால் அதையே இன்னும் ஓங்கிச் செய்து பார்ப்பான். பெரும்பாலான பெற்றோர் கைவிடுவது அந்த வாரத்தில்தான். பயிற்சியாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று சொல்வதும் அதனால்தான். தன்னையோ பிறரையோ பெரிதாகக் காயப்படுத்தினால், தீ வைத்தால், பிராணிகளைத் துன்புறுத்தினால், சாக வேண்டும் என்று பேசினால் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். ஆறு மாதமாக முற்றியதற்கு வீட்டுச் சண்டை மட்டுமே காரணம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். யாரேனும் அவனை மிரட்டுகிறார்களா, தொடக் கூடாத விதத்தில் தொடுகிறார்களா என்று பதற்றம் காட்டாமல் கேளுங்கள்.

உங்கள் கணவர் சாவியைத் தொலைப்பதும், ஒரு வேலையில் நிலைக்காததும், எளிதில் வெடிப்பதும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தந்தை பிள்ளைக்கு மரபணுவையும் கொடுக்கிறார், வீட்டின் தட்பவெப்பத்தையும் கொடுக்கிறார். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளையின் தந்தைக்கு, தனக்கும் அது இருந்ததே நாற்பது வயதில்தான் தெரியவருவது எங்களுக்குப் புதிதல்ல. குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் அவரையும் பரிசோதனைக்கு அழையுங்கள். “நானும் இப்படித்தான் இருந்தேன்” என்று அவரே வழி திறந்து வைத்திருக்கிறார்.

முதல் சந்திப்புக்கு இருவருமாக வாருங்கள். வரும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்று இருக்கட்டும்: ஒவ்வொரு வெடிப்புக்கும் சற்று முன்னால் என்ன நடந்தது, பின்னால் அவனுக்கு என்ன கிடைத்தது என்று இரண்டே பத்திகள் போதும். வகுப்பு ஆசிரியரின் கைப்பட ஒரு பக்கமும், அவன் எழுதிய நோட்டு ஒன்றும், கிழிந்ததாக இருந்தாலும் சரி, எடுத்து வாருங்கள். இரவில் அவன் தூங்கும்போது இரண்டு நிமிடம் செல்போனில் எடுத்த வீடியோவும் வேண்டும்; குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.